மெதடிஸ்த மாநாட்டு நாள்: கணக்கும் ஆராதனையும் ஏன் சேர்ந்தே நடக்கின்றன?

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ உள்ள ஒரு சின்ன மெதடிஸ்த சபையில் இந்த முறை உங்களைப் பிரதிநிதியாகத் தெரிந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். கொஞ்ச நாளில் அறிக்கைப் புத்தகம் ஒன்று கைக்கு வரும். அதைப் புரட்டினால் பாதிக்கு மேல் வரவு செலவு, காணி விவரம், கட்டட நிதி, யாப்புத் திருத்தம். நிகழ்ச்சி நிரலைப் பார்த்தால் காலையில் தியானம், நடுவில் பாட்டு, முடிவில் திருவிருந்து. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் புதியவருக்குக் குழப்பம் வருவது இயல்புதான். "கடவுளைத் தேடித்தானே போறம், பிறகு ஏன் இவ்வளவு கணக்கு?" என்று இளம் பிள்ளைகள் கேட்கிறார்கள். சங்கம், கூட்டுறவு என்று கூட்டங்களில் பழகிய பெரியவர்களோ, "அலுவலை முடிச்சுப்போட்டு ஆறுதலாய் ஜெபிக்கலாமே" என்கிறார்கள். இரண்டு பேரும் கேட்பது ஒரே கேள்விதான். அதற்குத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் யார் எங்கே கூடுகிறார்கள் என்பதைப் பார்த்துவிடுவோம். மெதடிஸ்த திருச்சபையில் ஒரு சபை தனித்து நிற்பதில்லை. பக்கத்துப் பக்கத்துச் சபைகள் சில சேர்ந்தால் சேகரம். அதைப் பொறுப்பெடுத்து நடத்துபவர் முகாமைக்குரு. சேகரங்கள் சேர்ந்து ஒரு திருமாவட்டம். அதன் குருமாரும் சபைப் பிரதிநிதிகளும் கூடுவது சினொட். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, நாடு முழுவதற்கும் ஆண்டுதோறும் கூடுவதுதான் கொன்பரன்ஸ் என்று நாங்கள் சொல்லும் மாநாடு. இலங்கைத் திருச்சபை 1964இல் தன்னாட்சி பெறும்வரை கடைசிச் சொல் பிரித்தானிய மாநாட்டிடம் இருந்தது. அதன்பின் அது இங்கேயே இருக்கிறது. மேற்றிராணியார் ஒருவர் முடிவெடுத்து மற்றவர்களுக்கு அறிவிக்கிற அமைப்பு இல்லை இது. கூடிப் பேசுகிற அவைதான் இங்கே அதிகாரம். தலைவரும் அந்த அவை தெரிந்தெடுத்தவர்தான்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? 1744 ஜூன் மாதம், இலண்டனில். மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி, அவருடைய தம்பி சார்ல்ஸ், இன்னும் நான்கு குருமார், குருப்பட்டம் பெறாத நான்கு பிரசங்கிமார் என்று பத்துப் பேர் கூடினார்கள். அவர்கள் முன்னால் இருந்த கேள்விகள் மூன்று: எதைப் போதிப்பது, எப்படிப் போதிப்பது, என்ன செய்வது. பேசத் தொடங்கமுன் அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட ஒழுங்கு, எனக்கு மாநாட்டின் முழு விளக்கமும் போலவே தோன்றுகிறது. எல்லாவற்றையும் கடவுளின் சந்நிதியில் இருப்பதாகவே எண்ணி ஆராய வேண்டும். எல்லாவற்றையும் இனித்தான் படிக்கவேண்டிய சிறு பிள்ளைகளைப் போல வர வேண்டும். ஒவ்வொருவரும் மனதில் உள்ளதைத் தடையில்லாமல் சொல்ல வேண்டும். ஒவ்வொரு விஷயத்தையும் தவிடு தனியாகும்வரை சலித்துப் பார்க்க வேண்டும். கடைசியில் சொன்ன தவிட்டுப் பேச்சு அந்தக் கூட்டத்தின் குறிப்பிலேயே இருப்பது. சுளகு பிடித்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை.

அதே கூட்டத்தில் இன்னொரு கேள்வியும் வந்தது. மற்றவர்களின் முடிவுக்கு ஒருவர் எவ்வளவு தூரம் கட்டுப்பட வேண்டும்? கருத்துச் சார்ந்த விஷயத்தில் தன் அறிவு ஒப்புக்கொள்ளும் அளவுக்கு, நடைமுறை விஷயத்தில் தன் மனச்சாட்சி காயப்படாத அளவுக்கு என்று முடிவு செய்தார்கள். கை உயர்த்தி வாக்களிக்கும்போது இதை நினைவில் வைத்திருங்கள். தோற்றுப்போன பக்கத்தில் இருப்பவருக்கும் இங்கே மரியாதை உண்டு. ஆனால் வெளியே வந்ததும் தனிக்கட்சி கட்டுவதற்கு இடமில்லை.

பின்னாளில் வெஸ்லி, கடவுளின் கிருபை நம்மிடம் வந்து சேரும் வழிகளைச் சொல்லும்போது ஜெபம், வேதவாசிப்பு, திருவிருந்து, உபவாசம் ஆகியவற்றோடு ஐந்தாவதாகக் கிறிஸ்தவர்கள் கூடிப் பேசுவதையும் சேர்த்தார். இதைக் கவனமாகப் பாருங்கள். திருவிருந்து இருக்கிற வரிசையிலேயே கூடிப் பேசுவதும் இருக்கிறது. அவர் மனதில் இருந்தது ஒருவரையொருவர் கட்டியெழுப்பும் பக்தியான உரையாடல். மாநாட்டுக்காரர் தாங்கள் செய்வதையும் அந்த உரையாடலின் ஒரு வடிவமாகவே எடுத்துக்கொண்டார்கள். ஆகவே, காலைத் தியானத்தோடு ஆராதனை முடிந்து பிறகு அலுவல் தொடங்குகிறது என்று எண்ண வேண்டாம். அலுவல் நடக்கும்போதும் ஆராதனை நடந்துகொண்டுதான் இருக்கிறது.

இது வெறும் பேச்சு என்று நினைப்பவர்களுக்கு இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அங்கே மெதடிஸ்தர் ஒரு கூடத்தைக் கட்டிவிட்டுக் கடனில் நின்றார்கள். 1742 பெப்ரவரியில் அந்தக் கடனைத் தீர்ப்பது எப்படி என்று பேசக் கூடினார்கள். ஃபோய் என்ற ஒரு மாலுமி எழுந்து ஒரு யோசனை சொன்னார்: கடன் தீரும்வரை ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னி கொடுப்போம். பலர் ஏழைகள், அவர்களால் ஏலாது என்று மறுப்பு வந்தது. அப்படியானால் மிக ஏழைகள் பதினொரு பேரை என் பொறுப்பில் விடுங்கள், அவர்கள் கொடுக்க முடியாவிட்டால் அவர்களுக்காகவும் நான் போடுகிறேன் என்றார் அவர். மற்றவர்களும் அப்படியே பொறுப்பெடுத்தார்கள். காசு வாங்க வாராவாரம் வீட்டுக்கு வீடு போனவர்கள் என்ன கண்டார்கள்? ஒரு வீட்டில் நோய், இன்னொரு வீட்டில் குடி, வேறொரு வீட்டில் சண்டை. வந்து வெஸ்லியிடம் சொன்னார்கள். கடன் வசூலிக்கப் போனவர்களே ஆத்தும விசாரணை செய்பவர்களாக மாறினார்கள். மெதடிஸ்தத்தின் முதுகெலும்பாக இருந்த வகுப்புக் கூட்டங்கள், அதாவது ஒரு தலைவரின் பொறுப்பில் கூடும் சிறு குழுக்கள், பிறந்தது இப்படித்தான். கணக்குப் புத்தகம் ஒன்றிலிருந்து!

இனி நாளுக்குள் போவோம். சினொட் என்றாலும் மாநாடு என்றாலும் நாளின் அமைப்பு ஏறத்தாழ ஒன்றுதான்.

பிரித்தானிய மாநாடு காலங்காலமாக ஒரே பாட்டோடு தொடங்குகிறது. சார்ல்ஸ் வெஸ்லி எழுதியது. இன்னும் உயிரோடிருக்கிறோமா, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறோமா என்று கேட்டு, அதற்காக நன்றி சொல்லுகிற பாட்டு அது. அந்தக் காலத்துப் பிரசங்கிமார் ஆண்டு முழுவதும் குதிரையில் அலைந்தவர்கள். காய்ச்சலில் போனவர்கள் உண்டு, கல்லெறிபட்டவர்கள் உண்டு. ஒரு வருடம் கழித்துக் கூடும்போது யார் வந்திருக்கிறார்கள், யார் இல்லை என்பதுதான் முதல் கேள்வி. வன்னியில் உள்ளவர்களுக்கு இந்தக் கேள்வியை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. 2004இல் கடல் முல்லைத்தீவுக் கரையை அள்ளிக்கொண்டு போனது. 2009 மே மாதத்தோடு முடிந்த போரில் ஊர் ஊராக இடம்பெயர்ந்தவர்கள் இங்கே கூட்டத்துக்கு வருகிறார்கள். இடம்பெயர்ந்து சிதறிய பிறகு ஒருவரையொருவர் முதன்முதலாகப் பார்த்தபோது அவர்கள் கேட்டதும் இதே கேள்விதான்.

பாட்டுக்கும் ஜெபத்துக்கும் பிறகு வரவு அழைப்பு. சலிப்பான காரியம் என்று கதைத்துக்கொண்டிருக்க வேண்டாம். பெயர் கூப்பிடும்போது எழுந்து நின்று பதில் சொல்லுங்கள். அடுத்து வருவது அந்த ஆண்டில் மரித்த குருமாரின் நினைவு. மாநாட்டின் பழைய குறிப்புகள் எல்லாமே கேள்வியும் பதிலுமாக எழுதப்பட்டவை. இந்த ஆண்டு மரித்தவர்கள் யார் என்பது அதில் ஒரு நிரந்தரக் கேள்வி. பெயர்கள் வாசிக்கப்படும், அவை எழுந்து நிற்கும். 1984 டிசம்பரில் மன்னார் மாவட்டத்தில் கொல்லப்பட்ட மெதடிஸ்த குருவானவர் ஜோர்ஜ் ஜெயராஜசிங்கம் போன்றவர்களின் பெயரும் இப்படிப்பட்ட ஒரு பட்டியலில் சேரும்போது, அது நிகழ்ச்சி நிரலில் ஓர் உருப்படிதான். ஆனாலும் அந்த இடத்தில் அலுவல் எது, ஆராதனை எது என்று யாராலும் பிரித்துக் காட்ட முடியாது.

பிறகு அறிக்கைகள். ஒவ்வொரு சேகரமும், ஒவ்வொரு பிரிவும் தன் ஆண்டைச் சொல்லும். இந்த நேரத்தில்தான் பலருக்குக் கண் சொருகும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

வன்னிச் சேகரம் ஒன்றின் வரவுப் பக்கத்தில் "அறுவடை நன்றி ஆராதனை" என்று ஒரு வரி இருக்கும். எதிரே ஒரு தொகை. கொழும்புப் பிரதிநிதி ஒருவர் அதைப் பார்த்தால் வெறும் எண்ணாகத்தான் தெரியும். அந்த எண் எப்படி வந்தது? பெரும்போக நெல் வெட்டி முடிந்ததும் சனங்கள் கோவிலுக்கு விளைச்சலைக் கொண்டுவருவார்கள். நெல்மூட்டை, வாழைக்குலை, பூசணி, தேங்காய், கால் கட்டிய கோழி. ஆராதனை முடிந்ததும் வெளியே மரநிழலில் ஏலம். ஒருவர் பூசணிக்காய் ஒன்றைச் சந்தை விலையை விட எவ்வளவோ கூடக் கொடுத்து எடுப்பார். காசைக் கொடுத்துவிட்டு, காயைத் திரும்ப மேசையிலேயே வைத்துவிடுவார். அது மறுபடி ஏலம் போகும். ஒரே பூசணி மூன்று, நான்கு கை மாறியும் வீட்டுக்குப் போகாமல் நிற்கும். மழை பிழைத்த வருடத்தில் இந்த வரியில் தொகை குறையும். இரணைமடுக் குளத்தில் தண்ணீர் நிறைந்த வருடத்தில் ஏறும். அதைப் பார்த்தே அந்த ஊரின் ஆண்டு எப்படிப் போனது என்று சொல்லிவிடலாம்.

ஆகவே பொருளாளர் கணக்கு வாசிக்கும்போது பக்கத்தைத் திறந்து விரலை வைத்துக்கொண்டு பாருங்கள். விளங்காவிட்டால் கேளுங்கள். கேட்பதற்கு முறை இருக்கிறது. கை உயர்த்தி, தலைவர் அழைத்தபின் எழுந்து, உங்கள் பெயரையும் சேகரத்தையும் சொல்லி, தலைவரை நோக்கிப் பேச வேண்டும். தீர்மானம் கொண்டுவருவதானால் முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர் வேண்டும். திருத்தம் வந்தால் முதலில் திருத்தத்துக்கு வாக்கு, பிறகு தீர்மானத்துக்கு. அவையின் நிலையியற் கட்டளைகள் இதையெல்லாம் சொல்லும். புத்தகத்தில் அந்தப் பக்கத்தை ஒருமுறை வாசித்துவிட்டுப் போங்கள், போதும். சத்தம் போடத் தெரிந்தவர் மட்டும் வெல்லாமல், கடைசி வாங்கிலில் இருக்கும் அம்மா ஒருவரும் தடையில்லாமல் பேசுவதற்காகத்தான் இந்த ஒழுங்கு. 1744இல் ஒவ்வொருவரும் மனதில் உள்ளதைச் சொல்ல வேண்டும் என்று வைத்ததைக் காப்பாற்றும் வேலி இது.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். மாநாட்டில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் புழங்கும். வன்னியிலிருந்து போகிற எங்கள் ஆட்கள் பலர் ஆங்கிலம் தெரியாது என்று வாயே திறக்காமல் திரும்புகிறார்கள். அது கூடாது. தமிழிலேயே பேசுங்கள். மொழிபெயர்ப்பவருக்கு நேரம் கொடுத்து, சின்னச் சின்ன வசனமாக, நிறுத்தி நிறுத்திப் பேசினால் சரி. மீள்குடியேறிய ஊர் ஒன்றில் போதகர் இல்லாத ஞாயிறுகளில் சபையை யார் நடத்துகிறார்கள் என்பதை அங்கிருந்து வந்தவர்தான் சொல்ல வேண்டும். காலி, கண்டிப் பக்கத்துச் சிங்களச் சகோதரர்கள் அதை உங்கள் வாயால் கேட்பது, ஆயிரம் சுற்றறிக்கையை விடப் பெரிய காரியம்.

பொதுவான சபையினர் இந்த அவையில் உட்கார்ந்திருப்பதும் தானாக வந்ததல்ல. வெஸ்லி 1784இல் சட்டப்படி பதிந்த பத்திரத்தில் மாநாடு என்றால் நூறு பிரசங்கிமார்தான். வெஸ்லியன் மாநாட்டில் குருமாரோடு சமமாகப் பொதுநிலையினரும் வந்து உட்கார்ந்தது 1878இல். அங்கே விவசாயியும் ஆசிரியையும் கடைக்காரரும் வாக்களிப்பது நெடுங்காலம் காத்திருந்து கிடைத்த உரிமை. தேநீர் இடைவேளைக்குப் போய் அப்படியே வெளியில் நின்று கதைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு இதைச் சொல்லத் தோன்றும்.

காணி விஷயம் வரும்போது அவை சூடாகும். மெதடிஸ்த மரபில் கோவிலும் வளவும் அந்தந்தச் சபையின் தனிச்சொத்து அல்ல. முழுத் திருச்சபைக்காகவும் பொறுப்பில் வைத்திருப்பவை. வெஸ்லி காலத்தில், 1763இல் வந்த மாதிரிக் காணி உறுதிப் பத்திரத்திலிருந்தே இதுதான் ஒழுங்கு. வன்னியில் இது வெறும் சட்டப்பேச்சு இல்லை. ஓடி ஓடி உறுதிகளைத் தொலைத்தவர்கள் எத்தனை பேர், எல்லைக் கல்லே காணாமற்போன வளவுகள் எத்தனை. ஒரு சபை தன் காணியைத் தானே காப்பாற்ற முடியாமல் சிதறிப்போன காலத்தில், அதைத் தங்களுடையதாக நினைத்துக்கொள்ள வேறு ஊர்களில் ஆட்கள் இருந்தது எவ்வளவு பெரிய காரியம் என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் இதில் எனக்கு ஒரு கவலையும் உண்டு. பொதுச்சொத்து என்ற பெயரில் அந்த ஊர் ஆட்களைக் கேட்காமல் முடிவெடுத்தால் மனம் உடையும். கிணறு வெட்டியவர்களும் கூரை மேய்ந்தவர்களும் அவர்கள்தானே. அதனால்தான் காணி பற்றிய பிரேரணை வரும்போது அந்தச் சேகரத்துப் பிரதிநிதி கட்டாயம் ஆசனத்தில் இருக்க வேண்டும் என்கிறேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் தெரிவுகள், குழு நியமனங்கள் என்று சில நடக்கும். இவை கெதியாய் முடிந்துவிடும். எல்லோரும் காத்திருப்பது நியமனப் பட்டியலுக்கு, அதாவது எந்தக் குருவானவர் அடுத்து எங்கே போகிறார் என்பதற்கு.

மெதடிஸ்த குரு ஓர் ஊரிலேயே வேர்விட்டு இருப்பவர் அல்ல. மாநாடு அனுப்பும் இடத்துக்குப் போகிறவர். இலங்கை மெதடிஸ்தமே இப்படி ஒரு நியமனத்தில் தொடங்கியதுதான். 1813 டிசம்பர் கடைசியில் கலாநிதி தோமஸ் கோக் தலைமையில் ஒரு சிறு குழு இங்கிலாந்திலிருந்து கப்பலேறியது. வழியில், 1814 மே 3ஆம் தேதி கோக் கப்பலிலேயே இறந்துபோனார். தலைவரும் இல்லை, பணத்துக்கு வழியும் தெளிவில்லை. அப்படியும் பயணத்தைத் தொடர்ந்த இளைஞர்கள் ஐந்து பேர் ஜூன் 29ஆம் தேதி காலியில் கரையிறங்கினார்கள். அங்கே கூடி ஜெபித்து, பேசி, யார் எங்கே போவது என்று தங்களுக்குள் முடிவெடுத்தார்கள். லிஞ்ச், ஸ்குவான்ஸ் இருவரும் யாழ்ப்பாணம். ஓல்ட் மட்டக்களப்பு. எர்ஸ்கின் மாத்தறை. கிளவ் காலியிலேயே. ஓல்ட் ஓராண்டு நிறையமுன்னே மட்டக்களப்பில் இறந்தார். ஐந்து பேர் கூடிப் பேசிய அந்த நாள் இந்த மண்ணில் நடந்த முதல் மாநாடு என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

வன்னிச் சபைகளுக்கு இந்தப் பட்டியல் இன்னொரு வகையிலும் முக்கியம். இங்கே கூடும் சபைகள் ஒரே ஊர்ச் சனம் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து காணி தேடி வந்து காடு வெட்டியவர்கள், 1977 கலவரத்துக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்கள், வேதத்தைப் புதிதாகக் கையில் எடுத்தவர்கள் என்று கலந்தது. இப்படிப்பட்ட சேகரத்துக்கு வரும் போதகர் யாருடைய ஊர்க்காரரும் இல்லை என்பது பல நேரம் நன்மையே. அதேநேரம், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை நடு ஆண்டில் மாற்றி, வெய்யிலும் தூசியுமான புது ஊருக்கு மூட்டை கட்டுகிற போதகர் குடும்பத்தின் பாரத்தையும் மறக்கக் கூடாது. பட்டியல் வாசிக்கப்படும்போது சிலர் முகம் மலரும், சிலர் தலை குனியும். பக்கத்தில் இருந்தால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

புதிய குருமாரை முழுமையாக ஏற்றுக்கொள்ளும் தீர்மானத்தைப் பிரித்தானிய மரபில் கை உயர்த்தி எடுப்பதில்லை. அவை முழுவதும் எழுந்து நிற்கும். எழுந்து நிற்பதுதான் வாக்கு. பிறகு அதே மக்கள் கோவிலுக்குள் போய், அவர்கள்மேல் கை வைத்து அபிஷேகம் செய்யும் ஆராதனையில் நிற்பார்கள். முதலில் வாக்கு, பிறகு கைவைப்பு.

மாலையில் திருவிருந்து. பகலில் காணிக்காக எதிரெதிராகப் பேசிய இருவர் ஒரே வரிசையில் முழந்தாளிட வேண்டி வரும். இந்த ஆராதனை நாளின் கடைசியில் இருப்பது களைப்பு ஆற்றுவதற்கு என்று சிலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பகலில் பேசியதை ஒவ்வொருவரும் தாங்கிக்கொள்ளக்கூடிய விதத்தில் பேசினோமா என்று சோதிக்கப்படுவது அங்கேதான். பந்திக்குப் போகமுன் யாரிடமாவது மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தால், பாட்டு முடிவதற்குள் போய்க் கேட்டுவிடுங்கள்.

அப்புறம் வீடு. பிரதிநிதியின் வேலை பஸ் ஏறியதும் முடிவதில்லை. அடுத்த ஞாயிறு சபைக்கு முன்னால் நின்று அறிக்கை சொல்ல வேண்டும். புத்தகத்தை அப்படியே வாசிக்காதீர்கள், சனம் தூங்கிவிடும். உங்கள் சேகரத்தைப் பற்றி என்ன முடிவெடுத்தார்கள், போதகர் மாறுகிறாரா, சேகரம் செலுத்தவேண்டிய பங்குத் தொகை எவ்வளவு, எந்தத் தீர்மானத்துக்கு நீங்கள் எப்படி வாக்களித்தீர்கள், ஏன் என்று சொல்லுங்கள். வேறொரு சேகரத்தின் கஷ்டம் ஏதாவது கேட்டு வந்திருந்தால், ஊரின் பெயரோடு சொல்லி ஜெபத்தில் வையுங்கள். கேள்வி கேட்க நேரம் விடுங்கள். யாராவது கணக்கைப் பற்றிக் கேட்டால், புத்தகத்தைத் திறந்து அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.